ஒன்றுக்கு அடுத்தது பத்து

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். சிபாரிசக்கா என்று கேட்டால் மூன்றாவது மாடி என்று உடனே கைகாட்டுவார். வாரா வாரம் மூன்று ஒலிப்புத்தகங்களைக் கேட்டுவிட்டு, இவற்றைக் கேளுங்கள் என்று நேயர்களுக்குச் சிபாரிசு செய்வது அவர் வேலை. அதோடு ஓர் எழுத்தாளரை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேட்டியும் எடுப்பார். இப்படியே பதினோரு வருஷம். நான் பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து அதைப் பதிவு செய்து, இருமலையும் இழுவையையும் வெட்டி எடுக்கிறவன். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் கத்திரி. என்னைவிட நாலு வயது மூத்தவர், எனக்கும் அக்காதான்.

பதிவறை என்று பெயர்தானே ஒழிய, அது நின்ற வாக்கில் ஒரு அலமாரி. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு. பதிவு ஓடும்போது ஏசியை நிறுத்திவிட வேண்டும், அதன் முனகல் மைக்கில் ஏறிவிடும். உள்பக்கக் கைப்பிடி கழன்று நாலு வருஷம் ஆகிறது. யார் உள்ளே போனாலும் வெளியே வர வேண்டுமென்றால் கண்ணாடியைத் தட்ட வேண்டும், நான் எழுந்துபோய்த் திறக்க வேண்டும். கைப்பிடி வேண்டும் என்று நானும் எழுதிக்கொடுத்து அலுத்துவிட்டேன். இவ்வளவு சிபாரிசு செய்கிறவருக்கு ஒரு கைப்பிடிக்குச் சிபாரிசு செய்ய ஆள் இல்லை.

மேலாளர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. எந்தப் புத்தகத்தையும் மட்டம் தட்டக் கூடாது. அக்கா அதற்கென்று சொற்கள் வைத்திருந்தார். காதல் கதை என்றால் மனதை வருடும். துப்பறியும் கதை என்றால் மூச்சைப் பிடித்துவைக்கும். வரலாறு என்றால் அந்தக் காலத்தைக் கண்முன் நிறுத்தும். வாழ்க்கையில் முன்னேறச் சொல்லும் புத்தகம் என்றால் உங்களுக்காகவே எழுதியது. கேட்டுக் காது புளித்த புத்தகத்துக்கு மட்டும் வித்தியாசமான முயற்சி. அந்த இரண்டு சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் நான் அந்தப் புத்தகம் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

எழுத்தாளர்களோ ஒவ்வொருவரும் ஒரு தினுசு. பத்தொன்பது காதல் நாவல் எழுதிய ஒரு அம்மையார் வந்தார், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. நீங்கள் காதலித்ததுண்டா என்று அக்கா கேட்டதற்கு, "எனக்கு ஏதும்மா நேரம், எழுதவே சரியா இருக்கு" என்றார். வரலாற்றுக்காரர் ஒருவர் கேள்வியில் உள்ள வருஷத்தைத் திருத்தாமல் பதிலே சொல்ல மாட்டார். முன்னேற்ற நூல்காரர் ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நிறுத்தி, அக்கா குறிப்பெடுக்கட்டும் என்று காத்திருந்தார். அக்கா எல்லாரிடமும் ஒரே சிரிப்போடு பேசுவார். சிரித்துச் சிரித்து வாய் வலிக்கிறது என்று எனக்கு மட்டும் சொல்வார்.

அவர் இருந்தது அண்ணன் வீட்டில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் படிக்கவைத்தவர் அண்ணன்தான். இரண்டு முறை கல்யாணப் பேச்சு வந்து நின்றது. மூன்றாம் முறை யாரும் பேச்செடுக்கவில்லை. நான் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் நடைதான் அக்காவின் அறை. கட்டில் ஒரு ஓரம், துணிப்பெட்டி கட்டிலுக்கு அடியில். தண்ணீர் குடிக்கப் போகிறவர், கை கழுவப் போகிறவர், எல்லாரும் அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். விருந்தாளி வந்தால் கட்டிலை மடக்கிவிடுவார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால்தான் அவருக்குக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி. அதையும் அண்ணன் மகள்கள் இரண்டு பேரும் வந்து பிடுங்கி, "அத்தை, இந்தக் கணக்கு வரல" என்பார்கள்.

அண்ணன் கோபக்காரராக இருந்திருந்தால் அக்கா என்றைக்கோ சண்டை போட்டுவிட்டு வெளியே வந்திருப்பார். அவர் தங்கமான மனிதர். தனியாக ஒரு அறை எடுத்துக்கொள்கிறேன் என்று அக்கா பேச்செடுத்தால் வாயே திறக்க மாட்டார். நாலு நாள், ஐந்து நாள், ஒரு வார்த்தை வராது. அண்ணிதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு இங்க என்ன குறை வெச்சோம்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்? குறை ஒன்றும் இல்லை, கதவுதான் இல்லை. அக்கா பேச்சை அப்படியே விட்டுவிடுவார்.

நாற்பத்து மூன்றாம் வயதில்தான் அவருக்கு ஒரு துணிச்சல் வந்தது. அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறைக்கு 'வாடகைக்கு' என்று போர்டு தொங்கியது. என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். ஒரு ஜன்னல், ஒரு கதவு, ஒரு மூலையில் அடுப்பு வைக்க மேடை. வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். திறந்தார். மறுபடி போட்டார். வெளியே வீட்டுக்காரரோடு நின்றுகொண்டிருந்த நான் எண்ணினேன், ஆறு தடவை. "மேடத்துக்குத் தாழ்ப்பாள் பிடிச்சுப்போச்சு போல" என்றார் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை வந்து முடிவாகச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார் அக்கா. திரும்பும் வழியெல்லாம் திரைச்சீலை என்ன நிறத்தில் போடுவது என்பதே பேச்சு.

அந்த வாரம்தான் தையல்காரம்மாவின் புத்தகம் அவர் காதுக்கு வந்தது.

அது ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே எழுதியது. புருஷன் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவார், கேட்டால் பாதுகாப்புக்கு என்பார். அப்படி இருபத்திரண்டு வருஷம். உள்ளேயே உட்கார்ந்து தையல் கற்று, ஒருநாள் வெளியேறி, தனியாக ஒரு கடை போட்டு நிமிர்ந்த கதை. பதினாலு அத்தியாயம். அத்தியாயங்களுக்கு எண் கிடையாது, தைத்த துணிகளின் பெயர்தான்: தலையணை உறை, பள்ளிச் சீருடை, கிழிந்த போர்வை, இப்படி. சின்னப் பதிப்பகம், அச்சில் இருநூறு பேர் படித்திருந்தால் அதிகம். எங்கள் நிறுவனம் ஒரு நல்ல குரலை வைத்துப் படிக்கவைத்தது. கோப்புகளை வரிசைப்படுத்தி ஏற்றியது நான்.

இங்கேதான் என் கைவரிசை. ஒலிக் கோப்புக்கு எண் போடும்போது ஒற்றை எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட வேண்டும். 01, 02 என்று. போடாவிட்டால் எங்கள் மென்பொருள் முதல் இலக்கத்தை வைத்து அடுக்கும். ஒன்றுக்கு அடுத்தது பத்து, பதினொன்று, பதினாலு வரை போய், அதற்கப்புறம்தான் இரண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அன்றைக்கு ஒரே நாளில் ஏழு புத்தகம் ஏற்றினேன், ஏழாவதுக்குப் பூஜ்யம் போடவில்லை. எண்ணைச் சொல்லாமல் துணியின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிற புத்தகம், யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஆக, நேயர்கள் கேட்டது வேறு புத்தகம். கல்யாணமாகி வந்து முதல் முறை பூட்டுச் சத்தம் கேட்கிறாள். அடுத்த அத்தியாயத்திலேயே வெளியேறுகிறாள், கடை போடுகிறாள். பிறகு மெல்ல மெல்ல மறுபடியும் அந்த வீடு. கடைசியாக வருவது ஒன்பதாம் அத்தியாயம். மாலையில் புருஷன் வந்து பூட்டைத் திறக்கிறார், அவள் விளக்கைப் போட்டுச் சாப்பாடு எடுத்துவைக்கிறாள். அதோடு முற்றும்.

திங்கட்கிழமை அக்கா பதிவுக்கு வந்தபோது கண் வீங்கியிருந்தது. அன்று அவர் கைவசம் இருந்த சொற்கள் எதையும் எடுக்கவில்லை. "வெளியே போனதை முதலிலேயே சொல்லிவிட்டு, கடைசியில் வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறார். எவ்வளவு தூரம் போனாலும் நமக்கென்று ஒரு விளக்கு இருக்கிறது, அதை நாம்தான் போட வேண்டும். இவ்வளவு நேர்மையாக யாரும் இதைச் சொன்னதில்லை" என்றார். கதவைத் திறந்துவிட்டபோது, திரைச்சீலைக்கு என்ன நிறம் முடிவாயிற்று என்று கேட்டேன்.

"ரூம் வேண்டாம்னு சொல்லிட்டேன் கத்திரி."

"ஏன் அக்கா?"

"அந்தம்மாவே இருபத்திரண்டு வருஷம் பட்டுட்டு, போய்ட்டு, திரும்பி வந்துட்டாங்க. என்னை யாரு பூட்டி வெச்சாங்க? எனக்கு என்ன குறை?"

அண்ணியின் வாக்கியம் அவர் வாயிலேயே வந்துவிட்டது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை எந்தக் கோயிலிலும் சொல்வேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எங்கேயும் சொல்ல முடியாது.

அக்காவின் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு ஆயிரக்கணக்கான பேர் அந்தப் புத்தகத்தைக் கேட்டார்கள். நாலரை நட்சத்திரம். 'காலத்தைத் திருப்பிப்போட்ட துணிச்சல்' என்று ஒருவர். 'முடிவு நெஞ்சில் அறைந்தது' என்று இன்னொருவர். ஒரு மாதம் கழித்து வேறொரு புத்தகத்தை ஏற்றும்போது திரையில் ஒன்றுக்கு அடுத்து பத்து நின்றது. பூஜ்யத்தைப் போட்டுத் திருத்தினேன். கை திருத்திக்கொண்டிருக்கும்போதே ஒரே நாளில் ஏழு புத்தகம் ஏற்றியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஏற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஆறு சரி. ஏழாவது தையல்காரம்மா.

மேலாளரிடம் ஓடினேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"யாராச்சும் குறை சொன்னாங்களா?"

"ஒருத்தர் எழுதியிருக்காரு சார். அச்சுல வேற மாதிரி இருக்கேன்னு."

"ஒலி வடிவத்துக்காக ஆசிரியரே மாத்தினதுன்னு பதில் போட்டுடு. நல்லா ஓடுற வண்டியை நிறுத்தி எதுக்குப்பா சக்கரத்தைக் கழட்டணும்? யாரு ஏத்தினதுன்னு பேச்சு வந்தா உனக்குத்தானே சங்கடம்."

நான் பதில் போட்டேன். வாயையும் மூடிக்கொண்டேன். அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த மாடி அறையின் போர்டு அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் வேலைக்கு வருவேன். இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் போர்டு இல்லை, ஜன்னலில் யாரோ போட்ட மஞ்சள் திரை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. இனிமேல் சொல்லிப் பயனில்லை, சொல்ல வேண்டாம் என்று ஒரு சாக்குக் கிடைத்துவிட்டதல்லவா?

புத்தகம் வெளியான எட்டாம் மாதம் நேயர்கள் ஓட்டுப்போட்டு அந்த வருஷத்தின் சிறந்த புத்தகமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். தையல்காரம்மாவைப் பேட்டிக்கு அழைத்தாயிற்று. அறுபது வயது, ஒடிசலான உடம்பு, கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்தார். பதிவறையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கதவு உள்ளருந்து திறக்குமா?"

"நான் திறந்துவிடுறேம்மா" என்றேன்.

"அப்ப சாத்த வேண்டாம். கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும்."

சத்தம் உள்ளே வரும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கண்ணாலேயே அடக்கினார். கதவிடுக்கில் ஒரு புத்தகத்தைச் சொருகிவைத்தோம். அக்கா நெடுநாள் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி அந்தம்மாவின் கையைத் தொட்டுவிட்டு ஆரம்பித்தார்.

"உங்க புத்தகத்தைக் கேட்டவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதாம்மா. வெளிய போனதை முதல்லயே சொல்லிட்டு, கடைசியில மறுபடி அந்த வீட்டுக்குள்ளயே வந்து முடிச்சீங்களே. அப்படி முடிக்க எப்படி மனசு வந்துச்சு?"

"எந்த வீட்டுக்குள்ள?"

"அவர் வந்து பூட்டைத் திறக்கிறாரு. நீங்க விளக்கைப் போட்டு சாப்பாடு எடுத்துவைக்கிறீங்க."

"அது ஒம்பதாவதும்மா. அதுக்கு மேல அஞ்சு இருக்கே. நான் கடை போட்டு, முதல் நாள் ஷட்டரைத் தூக்கறதுலதான் முடியுது. ஏன், நீங்க கடைசி வரைக்கும் கேக்கலையா?"

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. மெல்லத் திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தன் வாழ்க்கையை இன்னொருத்தர் குரலில் கேட்கக் கூச்சப்பட்டு, தையல்காரம்மா அந்தப் பதிவைக் கேட்டதே இல்லை. இப்போது ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். கடைசிப் பத்து நிமிஷத்தைப் போட்டேன். கேட்டு முடித்து, ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் வெளிய வந்து ஒம்பது வருஷம் ஆச்சு. இத்தனை பேரும் என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டா நட்சத்திரம் குடுத்தாங்க?"

மேலாளர் ஓடிவந்து பூசி மெழுகப் பார்த்தார். எதேச்சையாகக் கலைநயத்தோடு அமைந்துவிட்டது, மக்கள் ரசிக்கிறார்கள் என்றார். அந்தம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"அவங்க ரசிக்கட்டும் சார். நீங்க என்னை வெளிய விடுங்க."

மாத இறுதிக்குள் வரிசையைச் சரிசெய்து, அக்காவின் குரலில் ஒரு புது அறிமுகமும் போடுவது என்று முடிவாயிற்று. மேலாளர் போனபிறகும் அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் இதைக் கேட்டுட்டுத்தாம்மா ஒரு ரூமை வேண்டாம்னு சொன்னேன்" என்றார்.

எந்த அறை, ஏன் என்று தையல்காரம்மா கேட்டார். அக்கா நாலே வாக்கியத்தில் சொன்னார்: அண்ணன், அண்ணி, நடையில் கட்டில், தாழ்ப்பாள் வைத்த அந்த மாடி. அந்தம்மா இஞ்சு டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"என் கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கு. துணி மூட்டை போட்டு வெச்சிருக்கேன், எடுத்துட்டா ஒரு ஆள் தாராளமா இருக்கலாம். ஒண்ணாந்தேதி வரைக்கும் உனக்காகப் பார்ப்பேன். அதுக்கு மேல முடியாது, தைக்க வர்ற ஒரு பொண்ணு கேட்டிருக்கா, அவளுக்குக் குடுத்துடுவேன். பாவம்னு கூப்பிடறேன்னு நினைக்காதே. என் புத்தகத்தால கெட்டுச்சு, நான்தானே சரிபண்ணணும்."

அவர் படியிறங்கிப் போனதும் அக்கா என்னைக் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஏழு மாசமா."

"அப்ப அந்தப் போர்டு தொங்கிட்டிருந்துச்சா?"

"இருந்துச்சு அக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு வாரம் வேலை விஷயத்தைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. அவர் அண்ணனின் பேசாமை எவ்வளவு கனமானது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை அவர் முப்பது வருஷம் தாங்கியிருக்கிறார்.

வரிசையைச் சரிசெய்து ஏற்றினேன். நட்சத்திரம் மளமளவென்று இறங்கியது. பழைய முடிவுதான் உண்மையாக இருந்தது, இது சினிமா மாதிரி இருக்கிறது என்று எழுதினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒவ்வொருவருக்கும் பதில் போட்டிருப்பேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போடுவது?

இருபத்தெட்டாம் தேதி அக்கா புது அறிமுகத்தைப் பதிவு செய்ய வந்தார். ஒண்ணாந்தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் மைக்கைச் சரிசெய்கிற சாக்கில் உள்ளே போனேன்.

"அக்கா, தையல்காரம்மாவுக்கு ஏதாச்சும் சொன்னீங்களா?"

"இல்ல."

"வீட்டுல?"

"அண்ணன் பொண்ணுக்குப் பரீட்சை."

எனக்கு ஆற்றாமையாக வந்தது. "பரீட்சை வருஷா வருஷம் வரும். முன்னாடி அந்தப் புத்தகத்தைக் காரணம் சொன்னீங்க. இப்ப அதுவும் சரியாயிடுச்சே அக்கா."

"ஆமா. அந்தக் காரணமும் போச்சு" என்றார். தாளை மடித்தார், பிரித்தார். "அது இருந்தவரைக்கும் எனக்கு நல்லா இருந்துச்சு கத்திரி. நான் பயந்துகிட்டு இருக்கலை, எல்லாம் புரிஞ்சு இருக்கேன்னு நினைச்சுக்கிட்டேன்."

பேச்சை மாற்றுவதற்காக, "புது வரிசையில கேட்டுட்டீங்களா?" என்றேன். கேட்காமல் அவர் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் பேசியதில்லை. கடன்காரன் மாதிரி துரத்தும் மேலாளரையும் அதற்காகக் காக்கவைத்தவர்.

"கேக்கலை."

"ஆறு மணி நேரந்தானே. நாளைக்குப் பதிவு வெச்சுக்கலாம், இன்னிக்குப் போய்க் கேளுங்க."

"அந்த அஞ்சு அத்தியாயமும் எனக்கு மனப்பாடம். அப்ப திரும்பத் திரும்பக் கேட்டப்பல்லாம், எப்படியும் திரும்பி வரப்போறாங்கன்னு தாங்கிச்சு. இப்ப அதுதான் கடைசி." தாளைக் கவிழ்த்து வைத்தார். "கேட்டா போகணும்."

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஏசியை நிறுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தாளைப் பார்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, வழக்கமான அந்தச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். தலையசைத்ததும் பதிவை ஓடவிட்டேன்.

"நேயர்களே, இந்தப் புத்தகத்தைத் தயவுசெய்து கடைசிவரை கேளுங்கள்" என்றார் அக்கா.